வேப்பிலையும் அசைக்ளோவிரும்: ஒரே வீட்டில் இரண்டு சின்னம்மை

போன பங்குனியில் எங்கள் வீட்டில் இரண்டு பிள்ளைகளுக்கும் அம்மை போட்டது. முதலில் 7 வயதுப் பெரியவளுக்கு. அவளுக்கு ஆரம்பித்துச் சரியாக 15 நாள் கழித்து, 3 வயதுச் சின்னவனுக்கு. பெரியவளை என் மாமியார் சொன்னபடியே பார்த்துக்கொண்டோம். சின்னவனை அத்தை சொன்னதில் பாதி, டாக்டர் சொன்னதில் பாதி என்று பார்த்துக்கொண்டோம். இரண்டு பிள்ளைகளை வைத்து எந்த முறை உசத்தி என்று யாரும் தீர்ப்புச் சொல்ல முடியாது. அதற்காக இதை எழுதவும் இல்லை.

முதல் தடவை நாங்கள் கோட்டை விட்ட இடம் வேறு. "வேப்பிலையா, ஆஸ்பத்திரியா" என்று மொத்தமாக ஒரே கேள்வியாகப் போட்டுக்கொண்டோம். அதற்குள்ளே ஏழெட்டு முடிவுகள் ஒளிந்திருந்தன. அவற்றில் மூன்றுக்குக் கெடு உண்டு. வீட்டில் வாக்குவாதம் முடிவதற்குள் நேரம் ஓடிவிடும். மற்றவற்றைச் சாவகாசமாக, சண்டை போட்டுக்கூட முடிவு செய்யலாம். அதனால் கெடு உள்ளதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கெடு உள்ள மூன்று

பெரியவளுக்கு ஒரு சாயங்காலம் லேசான காய்ச்சல். வயிற்றில் கொசுக்கடி மாதிரி நாலைந்து சிவப்புப் புள்ளி. மறுநாள் காலையில் அதன்மேல் பனித்துளி போல் நீர் கோத்திருந்தது. அத்தை பார்த்ததும் சொல்லிவிட்டார்: "முத்து போட்டிருக்கும்மா. ஆத்தா வந்திருக்கா. மருந்து, ஊசின்னு எங்கேயும் தூக்கிட்டு அலையாதே."

நானும் அலையவில்லை. அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று பிற்பாடுதான் யோசித்தேன். அத்தையின் சின்ன வயதில் அம்மை என்றால் பெரியம்மையும் அதில் அடக்கம். இந்தியாவில் அது கடைசியாகப் பரவியது 1975இல்தான். அன்றைக்குப் பெரியம்மைக்கு மருந்தே கிடையாது. நோயாளியைத் தூக்கிக்கொண்டு அலைந்தால் ஊருக்கெல்லாம் பரவும். வீட்டிலேயே வைத்து, வாசலில் வேப்பிலை சொருகி, ஆள் வராமல் தடுத்தது அந்த நோய்க்கு நல்ல யோசனைதான். நோய் போய்விட்டது, கட்டுப்பாடு மட்டும் சின்னம்மைக்கு வந்து ஒட்டிக்கொண்டது. ஆனால் சின்னம்மைக்கு மருந்து இருக்கிறது.

அந்த மருந்து அசைக்ளோவிர். கொப்புளம் தோன்றிய 24 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் அதற்குப் பலன் தெரியும். இதில் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும்: 12 வயதுக்குக் கீழே உள்ள, மற்றபடி ஆரோக்கியமான எல்லாக் குழந்தைகளுக்கும் இது தேவையில்லை. காய்ச்சல் சுமார் ஒரு நாள் குறையும், கொப்புளம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். தானாகவே ஆறிவிடும் நோய்க்கு நாளுக்கு 4 வேளை, 5 நாளைக்கு மருந்து புகட்டுவது பிரயோசனமா என்று கேட்டால், பெரியவளைப் பொறுத்தவரை இல்லை என்றுதான் இன்றும் சொல்வேன்.

ஆனால் சிலருக்குக் கணக்கு மாறுகிறது. 12 வயதைத் தாண்டிய பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் இந்த நோய் கடுமையாக வரும். நாள்பட்ட தோல் நோயோ இளைப்போ உள்ள குழந்தைகள் இன்னொரு கூட்டம். சிறுநீரகப் பிரச்சினைக்கோ வேறெதற்கோ ஸ்டீராய்டு சாப்பிடும் பிள்ளை, புற்றுநோய்ச் சிகிச்சையில் இருக்கும் பிள்ளை, பிறந்து சில வாரமே ஆன சிசு, இவர்களுக்கு இது வீட்டு வைத்தியமே கிடையாது, அன்றைக்கே ஆஸ்பத்திரி. அப்புறம் பலருக்குத் தெரியாத ஒன்று: ஒரே வீட்டில் இரண்டாவதாக வரும் குழந்தைக்கு முதல் குழந்தையை விட அதிகமாகப் போடும். இரவும் பகலும் பக்கத்திலேயே இருந்து கிருமியை நிறைய உள்வாங்குவதால் அப்படி என்கிறார்கள். எங்கள் சின்னவன் இந்தக் கணக்கில்தான் வந்தான். அவனுக்கு முதல் புள்ளி பார்த்த அன்றே மதியம் மருந்து ஆரம்பித்தோம். அந்த 5 நாளும் தண்ணீர், மோர், இளநீர் என்று நிறையக் குடிக்க வைக்கச் சொன்னார் டாக்டர். இந்த மருந்து சிறுநீரகம் வழியாக வெளியேறுவதால், உடம்பில் நீர் குறையக் கூடாது.

இரண்டாவது கெடு, அம்மை வராத மற்றப் பிள்ளைகளுக்கு. தொற்று நேர்ந்து 3 நாளைக்குள், அதிகம் போனால் 5 நாளைக்குள் தடுப்பூசி போட்டால், நோய் வராமலே போகலாம், வந்தாலும் இலேசாகப் போகலாம். இதை நான் தெரிந்துகொண்டது 6ஆம் நாள். பெரியவளுக்கு இடுப்பில் ஒரு கொப்புளம் சீழ் வைத்து, வேறு வழியில்லாமல் குழந்தை டாக்டரிடம் போனபோது அவர் கேட்ட முதல் கேள்வி, "வீட்டில் வேறு பிள்ளை இருக்கா?" இருக்கிறான் என்றேன். விரலை மடக்கி எண்ணிவிட்டுத் தலையாட்டினார். முன்னாலேயே வந்திருந்தாலும் அத்தை சம்மதித்திருப்பாரா என்பது வேறு கதை. ஆத்தா இருக்கும் வீட்டில் ஊசி என்றால் அவருக்குத் தாங்காது.

மூன்றாவது, கர்ப்பிணிகள். என் நாத்தனார் அப்போது ஐந்து மாதம். அம்மை போடுவதற்கு முந்தின நாள்தான் வந்து பெரியவளை மடியில் வைத்துக் கொஞ்சிவிட்டுப் போயிருந்தாள். கொப்புளம் தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பிருந்தே இது தொற்றும். சின்ன வயதில் தனக்கு வந்ததா என்று அவளுக்கு நினைவில்லை. ரத்தப் பரிசோதனையில் எதிர்ப்பு இருப்பது தெரிந்தது, பிழைத்தோம். இல்லாவிட்டால் 10 நாளைக்குள், தயாராக உள்ள எதிர்ப்புச் சக்தியை உடம்பில் ஏற்றும் இம்யூனோகுளோபுலின் ஊசி போட வேண்டியிருந்திருக்கும். கர்ப்பிணிக்கு சின்னம்மை வந்தால் நுரையீரலைப் பிடிக்கலாம். பிரசவத்தை ஒட்டி வந்தால் பிறக்கும் குழந்தைக்கே ஆபத்து.

ஆக, முதல் நாளே டாக்டரிடம் பேசிவிடுவதும், அப்புறம் வேப்பிலை கட்டுவதும் ஒன்றுக்கொன்று இடைஞ்சல் இல்லை. பேச வேண்டும் என்றுதான் சொல்கிறேன். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்க் காத்திருக்கும் அறையில் உட்கார வேண்டும் என்றில்லை. அங்கே கைக்குழந்தைகளும் கர்ப்பிணிகளும் இருப்பார்கள், இது காற்றிலேயே பரவும். முன்கூட்டியே போன் செய்தால் கடைசி ஆளாக வரச் சொல்வார்கள், அல்லது வீடியோவில் பார்த்தே சொல்வார்கள். சின்னவனை ஆட்டோவுக்குள் வைத்தே பார்த்துவிட்டு அனுப்பினார்.

காய்ச்சலுக்கு எது

இதில் அத்தை கட்சி, "எதுவும் கொடுக்காதே, காய்ச்சல் அடங்கினால் முத்து உள்ளே போய்விடும்." எங்கள் தெரு மருந்துக்கடைக்காரர் கட்சி, "இதைக் கொடுங்க, சட்டுன்னு இறங்கும்." இரண்டில் எது மோசம் என்றால் இரண்டாவதுதான்.

அவர் கொடுத்தது பாராசிட்டமாலும் ஐபுப்ரோஃபனும் கலந்த சிரப். சின்னம்மையில் ஐபுப்ரோஃபன் வேண்டாம் என்பார்கள். கொப்புளம் வழியாகப் பாக்டீரியா உள்ளே போய்த் தோலின் ஆழத்தில் பரவும் கடுமையான தொற்றோடு அதைத் தொடர்புபடுத்தியிருக்கிறார்கள். மெஃபெனமிக் ஆசிட் கலந்ததும் அதே குடும்பம். நிமசுலைடு 12 வயதுக்குக் கீழே கொடுக்கக் கூடாது என்று இந்தியாவில் 2011இலேயே தடை. எல்லாவற்றிலும் பொல்லாதது ஆஸ்பிரின். டிஸ்ப்ரின் மாத்திரையில் இருப்பது அதுதான். அம்மை போட்ட பிள்ளைக்கு அதைக் கொடுத்தால் ஈரலையும் மூளையையும் தாக்கும் ரை சிண்ட்ரோம் வரலாம். அபூர்வம், ஆனால் உயிரைக் குடிப்பது.

தனிப் பாராசிட்டமால் போதும். ஒரு கிலோ எடைக்கு ஒரு வேளைக்கு 15 மில்லிகிராமுக்கு மிகாமல், ஒரு நாளில் 4 வேளைக்கு மேல் போகாமல். பாட்டிலைத் திருப்பிப் படியுங்கள்: 5 மில்லியில் 120 அல்லது 125 மில்லிகிராம் உள்ளதும் விற்கிறார்கள், 250 உள்ளதும் விற்கிறார்கள். பார்க்க ஒரே மாதிரி இருக்கும், அளவு இரண்டு மடங்கு. காய்ச்சல் 100ஐத் தொட்டதுமே கொடுக்க வேண்டும் என்றும் இல்லை. பிள்ளை விளையாடிக்கொண்டிருந்தால் விட்டுவிடலாம். முத்து உள்ளே போகும் என்ற பயத்துக்கு ஆதாரமில்லை. கொப்புளம் அதன் கணக்குப்படி மூன்று நான்கு நாளைக்குப் புதிது புதிதாகக் கிளம்பும். ஒரு பக்கம் சிவப்புப் புள்ளி, ஒரு பக்கம் நீர், ஒரு பக்கம் பொருக்கு என்று ஒரே நேரத்தில் எல்லாம் இருக்கும். தடுப்பூசி போடாத பிள்ளைக்கு 250 முதல் 500 வரை கிளம்புவது சாதாரணம்.

குளிப்பாட்டுவதா, தண்ணீர் ஊற்றும்வரை காத்திருப்பதா

வீட்டில் பெரிய சண்டை இதற்குத்தான் நடந்தது.

அத்தையின் முறையில், முத்து இறங்கும்வரை உடம்பில் தண்ணீர் படக் கூடாது. எல்லாம் காய்ந்தபின் ஒற்றைப்படை நாளில், வேப்பிலையும் மஞ்சளும் போட்டு வெயிலில் வைத்த தண்ணீரைத் தலைக்கு ஊற்ற வேண்டும். ஒன்றுவிட்டு ஒரு நாள் என்று மூன்று தண்ணீர். பெரியவளை அப்படித்தான் வைத்திருந்தோம், பங்குனி வெயிலில், வியர்வையோடு. 6ஆம் நாள் சீழ் வைத்தது பாவாடை நாடா உரசும் இடத்தில். குளிக்காததால்தான் அது வந்தது என்று சத்தியம் செய்ய மாட்டேன். குளித்த பிள்ளைக்கும் வரும். ஆனால் சின்னம்மையில் குழந்தைகளை ஆஸ்பத்திரிவரை கொண்டுபோகும் சிக்கல்களில் முதலிடம் இந்தத் தோல் தொற்றுக்குத்தான். அழுக்கும் நகமும் வியர்வையும் அதற்கு வழிவிடும்.

சின்னவனுக்கு முதல் நாளிலிருந்தே தினம் ஒரு தடவை வெதுவெதுப்பான தண்ணீர். ஐந்து நிமிஷம், தேய்க்காமல், மென்மையான சோப்பு கொஞ்சம். பழைய வேட்டித் துணியால் ஒற்றி எடுத்தோம். வெளிநாட்டுக் கட்டுரைகளில் ஓட்ஸ் குளியல் என்று எழுதியிருக்கும். ஓட்ஸ் வாங்கினால் கஞ்சி காய்ச்சிக் கொடுங்கள், வெறும் தண்ணீரே போதும். அத்தையிடம் இதைக் குளியல் என்று சொல்லவில்லை, "உடம்பு துடைச்சு விடுறோம் அத்தை" என்றோம். அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். மூன்று தண்ணீரையும் அவர் இஷ்டப்படியே கடைசியில் ஊற்றினார். வெயிலில் வைத்த தண்ணீரும் வெதுவெதுப்புத்தானே, அதில் என்ன குற்றம் கண்டுபிடிப்பது?

அரிப்பு

வேப்பங்கொத்தால் வருடிவிடுவது எங்கள் வீட்டில் தெளிவாக வென்றது. சொறியக் கூடாது என்று 3 வயதுப் பையனிடம் சொல்லிப் பயனில்லை. கொழுந்தாகப் பார்த்து, கழுவி உதறி, அத்தை பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகத் தடவிக்கொண்டிருந்தால் அப்படியே தூங்கிவிடுவான். கைக்கு வேறு வேலையும் இல்லை. விறைத்த முற்றிய இலையைப் படுக்கையில் பரப்புவது வேண்டாம், குத்தி உடைக்கும்.

கலமைன் லோஷன் இன்னொன்று. பஞ்சில் தொட்டுத் தொட்டு வைத்தால் குளிர்ச்சியாக இருக்கும். கண், வாய்ப் பக்கம் கூடாது. ஒரு மணி நேரம்கூடப் பலன் நிற்காது என்பது என் அனுபவம். ராத்திரி தூங்கவே விடாத அரிப்புக்கு டாக்டர் ஒரு ஆன்டிஹிஸ்டமின் சிரப் எழுதிக் கொடுத்தார், அதுதான் வேலை செய்தது.

மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பற்றுப் போடுவதில் எனக்கு உடன்பாடில்லை. பொருக்கு உதிர்ந்து தோல் மூடியபிறகு போட்டுக்கொள்ளுங்கள். உடைந்த கொப்புளத்தின்மேல் அம்மியிலோ மிக்ஸியிலோ அரைத்ததை அப்பினால், அதில் என்னென்ன ஒட்டியிருக்கிறதோ யாருக்குத் தெரியும். அதைவிட, மஞ்சள் பூசிய தோலில் சிவப்பேறுவது கண்ணுக்குத் தெரியாது. பெரியவளின் இடுப்புப் புண்ணை நாங்கள் ஒரு நாள் தாமதமாகக் கவனித்தது அதனால்தான்.

வேப்பெண்ணெயை உள்ளே கொடுப்பதும், வேப்பங்கொழுந்து உருண்டையும் ஒன்றல்ல. 1980களின் தொடக்கத்தில் மலேசியாவில் வேப்பெண்ணெய் புகட்டப்பட்ட குழந்தைகளுக்கு ரை சிண்ட்ரோம் போன்ற பாதிப்பு வந்ததை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். சொட்டுக்கூட வேண்டாம்.

நகத்தை ஒட்ட வெட்டுவது, கைக்குழந்தை என்றால் கையில் பருத்தி உறை மாட்டுவது, இதெல்லாம் இரண்டு கட்சிக்கும் பொது. பொருக்கைப் பிய்த்தால்தான் தழும்பு.

சாப்பாடு

இதில் அத்தைக்கே என் ஓட்டு, ஒரு திருத்தத்தோடு. தாளிதம் கூடாது, காரம் கூடாது, எண்ணெய்ச் சட்டி ஏறக் கூடாது என்றார். கொப்புளம் வாய்க்குள்ளும் தொண்டையிலும் கிளம்பும் என்பதைச் சின்னவன் வாயில் டார்ச் அடித்துப் பார்த்தபோதுதான் புரிந்துகொண்டேன். அங்கே உப்பும் காரமும் பட்டால் எரியும். கரைத்த பழைய சோறு, மோர், கேப்பைக்கூழ், இளநீர், நுங்கு, வெள்ளரிப்பிஞ்சு, தர்ப்பூசணி எல்லாம் வழுக்கிக்கொண்டு இறங்கும், உடம்புக்கும் நீர் சேரும். சமயபுரத்தில் மாசி, பங்குனியில் அம்மனே 28 நாள் பச்சைப்பட்டினி விரதம் இருப்பதாக ஐதீகம். அப்போது படைப்பது துள்ளுமாவு, நீர்மோர், பானகம், இளநீர். அம்மை பரவும் பருவமும் கிட்டத்தட்ட அதே மாதங்கள்தான். தற்செயலோ என்னவோ, எனக்கு அந்தப் பட்டியல் வாய்ப்புண் வந்த பிள்ளையின் பட்டியலாகத்தான் தெரிகிறது.

திருத்தம் இதுதான்: பத்து நாளும் வெறும் கூழில் ஓட்டக் கூடாது. வாய்ப்புண் ஆறியதும் பருப்பு, பால், தயிர், முட்டை என்று ஆரம்பித்துவிட வேண்டும். புண் ஆறப் புரதம் வேண்டும், ஒல்லியான பிள்ளை என்றால் இன்னும் வேண்டும். முட்டைக்கு அத்தை கடைசிவரை இறங்கவில்லை. பாசிப்பருப்புக்கு இறங்கினார். சரி, அதுவே போதும் என்று விட்டுவிட்டேன்.

தனியறை

வீட்டுக்குள் தனியறை பெரிதாகப் பலன் தராது. எதிர்ப்பு இல்லாத ஆள் அதே வீட்டில் இருந்தால் 10 பேரில் சுமார் 9 பேருக்கு வந்துவிடும், அதுவும் புள்ளி தெரியுமுன்பே தொற்றியிருக்கும். வெளியே பரவாமல் தடுக்கத்தான் தனிமை, அதற்கு வாசல் வேப்பிலையை விட நல்ல அறிவிப்புப் பலகை நம் ஊரில் இல்லை. பார்த்ததும் பால்காரர் கேட்டுக்கு வெளியே வைத்துவிட்டுப் போனார். எப்போது எடுக்கலாம்? கடைசிக் கொப்புளமும் பொருக்குத் தட்டியதும். பெரும்பாலும் 5 முதல் 7 நாள். பள்ளிக்கு அனுப்பவும் அதுதான் கணக்கு. அத்தையின் மூன்றாம் தண்ணீர் இதைவிடச் சில நாள் தள்ளியே வரும், அதனால் அவர் கணக்கில் அனுப்பினாலும் யாருக்கும் கெடுதல் இல்லை. வீட்டில் மற்றவர்களை 21 நாள்வரை கவனித்துக்கொண்டிருக்க வேண்டும்.

எல்லாச் சண்டையையும் நிறுத்திவிட்டுக் கிளம்ப வேண்டிய நேரம்

காய்ச்சல் 4 நாளைத் தாண்டினாலோ, விட்டுவிட்டு மறுபடி ஏறினாலோ போக வேண்டும். கொப்புளத்தைச் சுற்றிச் சிவந்து, சூடாகி, வீங்கி, தொட்டால் பிள்ளை அலறினாலும் அப்படியே. மூச்சு வாங்குவது, விடாத வாந்தி, எழுப்பினால் எழாத தூக்கம், கழுத்து விறைப்பு, நடக்கும்போது தள்ளாடுவது, கொப்புளத்துக்குள் ரத்தம் கட்டுவது, கண்ணுக்குள் கொப்புளம், ஆறு எட்டு மணி நேரமாகச் சிறுநீர் போகாதது, இவற்றில் எது வந்தாலும் ராத்திரி என்றும் பார்க்காதீர்கள். தள்ளாட்டத்தைப் பலர் சோர்வு என்று விட்டுவிடுகிறார்கள். சின்னம்மை சிறுமூளையைத் தொட்டால் வரும் அறிகுறி அது.

அடுத்த பிள்ளைக்கு

எல்லாம் ஆறியபின் கணவர் கேட்டார்: இதற்குத்தான் தடுப்பூசி இருக்கிறதே, ஏன் போடவில்லை? அரசு இலவச அட்டவணையில் சின்னம்மை ஊசி கிடையாது, தனியாரில் காசு கொடுத்துத்தான் போட வேண்டும். அட்டையில் கட்டம் இல்லாததால் நாங்களும் கேட்கவில்லை. ஜப்பானில் மிச்சியாகி தகஹாஷி 1970களில் உருவாக்கிய ஊசி இது. தன் மகன் சின்னம்மையில் தவித்ததைப் பார்த்துத்தான் அவர் அதில் இறங்கினார். இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் 15 மாதத்தில் ஒன்று, 18, 19 மாதத்தில் இன்னொன்று போடச் சொல்கிறது. இரண்டும் போட்டால் 10க்கு 9 பங்குக்கு மேல் பாதுகாப்பு. மீறி வந்தாலும் பெரும்பாலும் 50 கொப்புளத்துக்குள் முடிந்துவிடும்.

"ஒரு தடவை வந்துவிட்டுப் போகட்டுமே, ஆயுசுக்கும் வராது" என்பது அத்தையின் பக்கம். சின்னம்மையாக மறுபடி வருவது அபூர்வம்தான். ஆனால் கிருமி போய்விடுவதில்லை, நரம்பில் படுத்துக்கொள்கிறது. ஐம்பது அறுபது வயதில் அக்கியாக எழும்பலாம். மாமாவுக்கு நாலு வருஷம் முன்பு முதுகில் அக்கி வந்து, வேளாரிடம் போய்க் காவியால் எழுதிக்கொண்டு வந்ததும், அப்படியும் மாதக்கணக்கில் சட்டை பட்டாலே துடித்ததும் வீட்டில் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது. இரண்டும் ஒரே கிருமி என்று சொன்னபோது அத்தை என்னை நம்பவில்லை. டாக்டர் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

நாத்தனாருக்கு ஆடியில் பெண் குழந்தை பிறந்தது. 15 மாதம் எந்தத் தேதியில் முடிகிறது என்று காலண்டரில் எண்ணி எழுதி வைத்தது அத்தைதான்.